டோக்கன் எண் 219

பிப்ரவரி 9

இன்று செய்தித்தாளில் ஒரு செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்து முடித்தேன். அதற்குள் தேநீர் இரண்டு தடவை ஆறியது.

செய்தி இதுதான். நாட்டில் விவசாய வேலை செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தொழிற்சாலைகளிலும் குறைகிறார்கள். சேவைத் துறையில் மட்டும் கூடுகிறார்கள். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு ஆட்கள் ‘நகர்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறது. நாற்காலியை நகர்த்துகிற மாதிரி எழுதிவிட்டார்கள். நகர்ந்தவனைக் கேட்டால் சொல்வான், முட்டி எங்கெல்லாம் இடித்தது என்று.

நான் மூன்றிலும் இருந்தவன். பத்து வயதில் அடுத்தவர் வயலில் களை பிடுங்கினேன். அப்புறம் நூல் மில்லில் இருபத்தாறு வருஷம். மில்லைப் பூட்டியதும் லாரி ஷெட்டில் காவல். காவலும் சேவைத் துறைதானாம், வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆக, எனக்கே தெரியாமல் நாட்டின் பொருளாதாரத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறேன். வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

“சுத்தினது போதும். வரும்போது அந்தக் குழாயை மூடிட்டு வாங்க” என்றாள்.

பிப்ரவரி 10

இந்த நோட்டு தந்தியம்மா கொடுத்தது. நூலகத்தின் பின்னறையில் சாயங்கால வகுப்பு நடத்துகிறவர். முப்பது வருஷம் தந்தி அலுவலகத்தில் இருந்தார். தந்தி நின்றது, வேலையும் நின்றது. இப்போது என்னைப் போன்ற ஒன்பது பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். தினமும் நாலு வரியாவது எழுதாவிட்டால் கற்றதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடும் என்றார். நான் சேர்ந்து பதின்மூன்று மாதம் ஆகிறது. எழுபது வயதில் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்ததை ஓட விடுவேனா?

பிப்ரவரி 17

மருமகள் வேலை செய்யும் சட்டைத் தொழிற்சாலையை மூடுகிறார்கள். மாத முடிவோடு சரி. இயந்திரங்களைக் கழற்றி வேறெங்கோ கொண்டுபோகிறார்களாம். கட்டடம் பார்சல் கிடங்காக மாறுமாம்.

பதினொரு வருஷமாக அவள் அங்கே காலர் தைக்கிறாள். காலர் என்றால் சும்மா இல்லை. முனை இரண்டும் ஒரே கூராக நிற்க வேண்டும். ஒரு நூல் பிசகினால் சட்டையே கோணல். தெருவில் நல்ல காலரோடு எவனாவது போனால் நான் நின்று பார்ப்பேன், நம் வீட்டுக் கை பட்டதோ என்று.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவக்கூட இல்லாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். மகன் பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கிறான், நாலு நாளைக்கு ஒரு முறைதான் வருவான். நான் என்ன சொல்வது? மில் மூடின அன்று எனக்கு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பிப்ரவரி 24

நல்ல செய்தி. தொழிலாளர் அலுவலகம் அறிவிப்பு போட்டிருக்கிறது. தொழிற்சாலையில் வேலை இழந்தவர்களுக்குப் புதிதாகக் கட்டியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி. நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது. பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. தொழிற்சாலைப் பதிவேட்டில் பேர் இருந்தால் போதும்.

இதற்கென்றே பிறந்தவள் நம் மருமகள். எனக்கு இடுப்பெலும்பு விரிசல் கண்டபோது மூன்று மாதம் என்னைத் திருப்பிப் படுக்க வைத்தது யார்? பெற்ற பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, “வலிக்குதாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போவான். இவள் கேட்கவே மாட்டாள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள்.

சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். “பாக்கலாம் மாமா” என்றாள். சுரத்தே இல்லை.

ஏன்?

பிப்ரவரி 27

நாற்பது வயதில், தைக்க மட்டும் தெரிந்தவளுக்கு இனி இந்த ஊரில் எங்கும் இடமில்லை. விசாரித்துவிட்டேன். இருந்த மூன்று தொழிற்சாலையில் இதுதான் கடைசி. ஆஸ்பத்திரி கிடைத்தால் உண்டு.

மார்ச் 3

பயிற்சிக்கு எடுக்கப்போகிறவர்கள் பட்டியலைத் தொழிற்சாலைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். மருமகள் போகவில்லை, தலைவலி என்றாள். நான் போகிறேன் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் முறையாக என் வீட்டுக் காரியத்துக்கு நானே படிக்கப் போகிறேன். நடையே வேறு மாதிரி இருந்தது.

நாலு தாள். முந்நூற்று எண்பத்தாறு பேர். மற்றவர்கள் அரை நிமிடத்தில் பேரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தேன். காவலாளி பாவப்பட்டு முக்காலியைக் கொடுத்தான். கண்ணாடி கொண்டுவராத ஒருத்தி, “பெரியவரே, என் பேரு இருக்கான்னு பாருங்க” என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன். பிறகு இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னேன். என்னிடம் வந்து படித்துச் சொல்லச் சொல்கிறார்கள். என்னிடம். அந்தக் காலைப்பொழுதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் மருமகள் பேர் இல்லை.

அடியிலிருந்து மேலே ஒரு முறை படித்தேன். இல்லை. மதியச் சங்கு ஊதிவிட்டது. பதின்மூன்று மாதப் படிப்பு இவ்வளவுதானா, நாலு பேருக்குப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு வீட்டுப் பேர் கண்ணில் படவில்லையே என்று இருந்தது. வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு இன்னும் சரியாப் படிக்க வரலம்மா. பேரு கண்ணுல அகப்படல. நீயே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடு” என்றேன்.

மடிப்பதை நிறுத்தவில்லை. “நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க மாமா.”

மார்ச் 4

நோட்டை இரண்டு தடவை மூடி வைத்தேன். இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

மருமகள் சொன்னது இது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். மேலிடம் புது ஆள் எடுக்க விடாது. யாராவது நின்றுவிட்டால் அலுவலகத்துக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய எண் வில்லையை, டோக்கன் என்பார்கள், அப்படியே வேறொருத்தியிடம் கொடுத்து அதே இயந்திரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பதிவேட்டில் பழைய பேரே ஓடிக்கொண்டிருக்கும். மருமகளுக்கு வந்தது 219. அது அதற்கு முன்னால் இருந்த நெட்டைக்காரி ஒருத்தியுடையது. டோக்கனோடு பட்டப்பேரும் வந்து சேர்ந்தது. என் தோள் உயரம்கூட வராத இவளை அங்கே எல்லாரும் ‘நெட்டை’ என்றுதான் கூப்பிடுவார்களாம். பதினொரு வருஷம் இது எனக்குத் தெரியாது.

இன்னொன்று. அவளை அங்கே சேர்த்தவன் நான். அங்கே வருகைக் கணக்கு எழுதும் டைம் கீப்பர் என்னை மில் காலத்திலிருந்தே அறிவார். கையில் கொடுக்கும் கத்தரிக்கோலுக்கு யாராவது ஜாமீன் நிற்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். நான் பெருமையாகக் கட்டைவிரலை அழுத்தினேன். மேலே எழுதியிருந்தது நெட்டைக்காரி பேர். அடப் பாவி மனுஷா, என்ன எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாய் இல்லையா உனக்கு?

அவள் எட்டாவது வரை படித்தவள். அங்கேயே நின்று படித்துவிட்டாள். ஏனம்மா சொல்லவில்லை என்றேன். அப்போது மில் மூடி வீட்டில் ஒருவருக்கும் வேலை இல்லை. “அதுவுமில்லாம, நீங்க தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க மாமா. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?”

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை.

மார்ச் 6

டைம் கீப்பர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் இந்த மாதத்தோடு வேலை போகிறது. பட்டியலில்தான் 219 இருக்கிறதே, அந்தப் பேரிலேயே போய்ப் பயிற்சியில் சேர்ந்துவிடச் சொல்லு, டோக்கனைக் காட்டினால் போதும், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். வாயைத் திறந்தால் மோசடி என்று அந்த எண்ணையே அடித்துவிடுவார்களாம். இவளைப் போல இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பும் போகும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அவர் போன பிறகு வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். மகன் போனில் அதையே சொன்னான். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் சரி என்று பட்டது.

மார்ச் 7

மருமகள் முடிவு சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“சட்டைக் காலருக்கு எவ பேரா இருந்தா என்ன மாமா. சட்டை கேக்கப் போகுதா? அங்க அப்படி இல்ல. எழுந்திரிக்க முடியாத மனுஷங்க என் கையைப் பிடிப்பாங்க. யார் கைன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? பொய்ப் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தரைத் தொட என்னால ஆகாது.”

வீட்டுக்காரி எழுந்து போய் அவளுக்கு ஒரு தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவள் சம்மதம் சொல்லும் விதம் அது.

மனு நான் எழுதுவேன் என்றேன். கைநாட்டு வைத்துக் கெடுத்தவன் நான். எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

மார்ச் 9

இரண்டு பெண்கள் வாசலில் வந்து சண்டை போட்டார்கள். அவர்களும் அடுத்தவர் டோக்கனில் இருந்தவர்கள். “உனக்கு மட்டும்தான் பேரு இருக்கா? எங்க வாயில ஏன் மண்ணைப் போடறே?” அவர்கள் போன பிறகு மருமகள் வாசலைக் கூட்டினாள். கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினாள்.

மார்ச் 13

மனு தயார். ஏழு பக்கம். வகுப்பில் தந்தியம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பெரியவரே, இது மனுவா, உங்க வாழ்க்கை வரலாறா? களை பிடுங்கினது எதுக்கு இதுல?”

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தானே புரியும் என்றேன். வகுப்பே சிரித்தது. தந்தி மாதிரி எழுத வேண்டுமாம். ஒவ்வொரு சொல்லுக்கும் என் பாக்கெட்டிலிருந்து காசு போகிறது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டுமாம். முப்பது வருஷம் பிறப்பு, சாவு, வேலை எல்லாவற்றையும் பத்துச் சொல்லில் அனுப்பியவர். கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 16

மூன்று நாள் கழித்து, மனு:

‘ஐயா, என் மருமகள் பதினொரு வருஷம் 219ஆம் எண்ணில் காலர் தைத்தாள். அந்த எண்ணில் உள்ள பேர் அவளுடையது அல்ல. அது தெரியாமல் ஜாமீன் கைநாட்டு வைத்தவன் நான். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். வேலை செய்தவள் பேரை எழுதுங்கள்.’

கீழே என் கையெழுத்து. கடைசி எழுத்து கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும்.

மார்ச் 17

தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. முத்திரை குத்தி வாங்கினார்கள். ‘பெறப்பட்டது’ என்று இருந்தது. படித்தேன்.

மார்ச் 30

விசாரணை. காலையில் மகன் பார்சல் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் நானும் மருமகளும் பார்சலோடு பார்சலாக உட்கார்ந்து போனோம். அதிகாரி ஒரு பெண். மருமகளைவிடச் சின்னவள், சளி பிடித்திருந்தது, கைக்குட்டையும் கையுமாக இருந்தாள். எதிரே தொழிற்சாலை மேலாளர். பக்கத்தில் டைம் கீப்பர், எங்களைப் பார்க்காமல்.

மேலாளர் கோபப்படவில்லை. பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் தொழிலாளி, இந்த அம்மாவை எங்களுக்குத் தெரியாது என்றார். பதினொரு வருஷம் தினமும் அவர் அறை வாசலைக் கடந்து போனவளைத் தெரியாது என்றார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. தந்தியம்மாவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அதிகாரி 219ஆம் எண் கோப்பை எடுக்கச் சொன்னாள். அதில் ஜாமீன் தாள் இரண்டு இருந்தன. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நெட்டைக்காரியின் அண்ணன் கையெழுத்துப் போட்டது ஒன்று. பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் கைநாட்டு ஒன்று. இரண்டிலும் நெட்டைக்காரி பேர்தான்.

ஏற்கெனவே வேலையில் இருக்கிறவளுக்கு நாலு வருஷம் கழித்து எதற்கு இன்னொரு ஜாமீன் என்று அதிகாரி கேட்டாள். மேலாளர் டைம் கீப்பரைப் பார்த்தார்.

டைம் கீப்பர் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். கத்தரிக்கோல் அவர் பொறுப்பு. முப்பது வருஷத்தில் ஒரு கத்தரிக்கோல் தொலைந்தது கிடையாது என்று மார்தட்டுகிறவர். அந்த ரோஷத்தில் பதில் சொன்னார்.

“கத்தரிக்கோல் ஒண்ணு காணாமப் போனா என் தலைதான் மேடம் உருளும். ஆள் மாறினா ஜாமீனும் மாறணும்ல? நான் அதுல விட்டதே கிடையாது.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். டைம் கீப்பர் முதல் தடவையாக மருமகளைப் பார்த்தார். “ஆமா மேடம். ஆள் மாறினது. இந்தப் பொண்ணுதான். நான்தான் எழுதினேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

அப்படியும் அதிகாரிக்குச் சாட்சி வேண்டுமே. இந்தக் கைநாட்டு என்னுடையதுதானா? மை தடவிய பட்டையை என் முன்னால் நகர்த்தினாள். மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்றேன். தெரியும் ஐயா, இருந்தாலும் விரல்தான் வேணும் என்றாள்.

பேனாவைச் சட்டைப் பையில் வைத்தேன். ஆனால் உடனே விரலை நீட்டவில்லை. முதலில் தாளைக் கொடுங்கள் என்றேன். மேலிருந்து கீழ்வரை படித்தேன். வாக்குமூலம், ஒரு பக்கம். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. நடுவில் ஒரு சொல் புரியவில்லை, கேட்டேன், சொன்னாள். எல்லாவற்றையும் படித்து, எல்லாம் உண்மை என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு வைத்தேன்.

மில்லில் பெல்ட் கடித்த தழும்பு என் கட்டைவிரலில் குறுக்கே ஓடுகிறது. பழைய தாளிலும் அதே கோடு, அதே இடத்தில் வெள்ளையாக. ரேகை பார்க்கிறவன் வேண்டாம், பக்கத்து மேசைக்காரருக்கே தெரிந்தது.

மை இன்னும் போகவில்லை. இந்தப் பக்கத்தில்கூட ஓரமாகப் பட்டிருக்கிறது.

ஏப்ரல் 11

உத்தரவு வந்துவிட்டது. பதிவேட்டில் அவள் பேரைச் சேர்க்க வேண்டும், பயிற்சியில் இடம் கொடுக்க வேண்டும். ஜாமீன் தாள் இரண்டு இருக்கிற எல்லா எண்ணுக்கும் இதே மாதிரி பார்க்கச் சொல்லியிருக்கிறது. டைம் கீப்பர் புண்ணியத்தில் எல்லாருக்கும் இருக்கிறது. முப்பத்தொரு பேர்.

மருமகள் உத்தரவை வாங்கி ஒரு தடவை படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்து, “நீங்க படிங்க மாமா, கேக்கணும்” என்றாள். சத்தமாகப் படித்தேன். வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

ஏப்ரல் 14

வாசலில் சண்டை போட்டார்களே, அந்த இரண்டு பேரும் வந்தார்கள். மனு எழுதித் தரச் சொல்லி. மருமகள் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். ஒன்றையும் சொல்லிக் காட்டவில்லை. நானாயிருந்தால் நாலு வார்த்தையாவது கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 20

ஒன்பது மனு எழுதியாயிற்று. ஒன்றுக்கு ஒரு காலை ஆகிறது. எழுபது வயதில் இது எந்தத் துறை என்று வீட்டுக்காரி கேட்கிறாள்.

மே 4

மருமகள் பயிற்சிக்குப் போனாள். சாயங்காலம் வந்து, என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். இடுப்பு உடைந்தபோது பிடித்த மாதிரி இல்லை, இதற்கு ஒரு முறை இருக்கிறதாம். அப்போது இவ்வளவு லேசாகத் திருப்பியிருந்தால் நான் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன் என்றேன். “அப்பவும் கத்தித்தான் இருப்பீங்க” என்றாள்.

ஜூன் 22

தொழிற்சாலையிலிருந்து கடைசி இயந்திரமும் போய்விட்டதாம். நான் பார்க்கப் போகவில்லை.

நவம்பர் 8

பயிற்சி முடிந்தது. முதியோர் வார்டில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரி அவளுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, அதன் காலரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ தைச்சதுல பாதிக்கு வராது” என்றாள்.

நவம்பர் 26

மத்தியானம் மழை. மருமகள் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. பலகைகளைப் படித்துக்கொண்டே இரண்டாவது மாடிக்குப் போய்விட்டேன்.

வார்டு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு வயதான அம்மாள் எழுந்து உட்கார மாட்டேன் என்று பிடிவாதம். வேறொரு பெண் தூக்கப் போனாள். அம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டுக் கூப்பிட்டாள்—மருமகள் பேரை. தெளிவாக, முழுசாக. அவள் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்றாள்.

மருமகள் அந்தக் கோடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. குனிந்து ஒரு கையைத் தோளுக்குப் பின்னால் கொடுத்தாள். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

நான் கூப்பிடவில்லை. குடையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு நனைந்துகொண்டே வந்துவிட்டேன்.